வெங்காயமும் அம்மாவின் ஜாரும்

என் மனைவியின் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அவள் காலையிலேயே திருச்சிக்கு, சர்ச்சுக்குப் போய்விட்டாள். அம்மாவைப் பக்கத்து வீட்டு மாமி பெருமாள் சேவிக்க அழைத்துப் போயிருந்தார். எங்கள் ஸ்ரீரங்கம் ஃப்ளாட்டில் நான் மட்டும்தான்.

அவளுக்குப் பிடித்த பச்சை சாஸைச் செய்து அசத்திவிடலாம் என்று கிளம்பினேன். அவள் பிறந்த வீட்டுப் பண்டம் அது. வெங்காயத்தை வெண்ணெயில் நிதானமாக வதக்கி, கொத்தமல்லி, புதினா, ஒரு பச்சை மிளகாய் போட்டுச் சுருள விட்டு, ஆறியதும் அரைத்து, மறுபடி வாணலியில் தேங்காய்ப்பாலோடு ஒரு கொதி. வேகவைத்த காலிஃப்ளவர், பீன்ஸ், கேரட் மேல் சுடச்சுட ஊற்ற வேண்டும். கல்யாணமான புதிதில் வாரம் தவறாமல் செய்வாள்.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடு வந்து சேர்ந்ததும் அது நின்றது. வேறு மதத்துப் பெண் என்று அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவள் அம்மா. மனைவி வாதாடவில்லை. வெங்காயத்தையும் பூண்டையும் வீட்டை விட்டே ஒழித்தாள். அம்மாவுக்கென்று புது மிக்ஸி ஜார் வாங்கினாள். பழையதைப் பரணில் போட்டாள். போன தையில்தான் அம்மா முதன்முதலாக அவள் வைத்த சாற்றமுதைச் சாப்பிட்டாள். அன்று என் மனைவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுததைப் பார்த்தேன். நானோ இத்தனை நாளும் ஆபீஸ் கேன்டீனில் வெங்காய பஜ்ஜியை வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தவன்.

கடையில் வாங்கி வந்து வதக்கிய வெங்காயம் ஆறிவிட்டது. பரணில் ஏறிப் பழைய ஜாரை எடுக்கச் சோம்பல். கழுவி வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று அம்மாவின் ஜாரில் அரைத்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தேன்.

மனைவி வந்தாள். "ஐயோ, என்னங்க இது! அம்மா வந்துடுவாங்க" என்று பதறிக்கொண்டே பால்கனியில் நின்றபடி தட்டை வழித்துச் சாப்பிட்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் காலை அதே ஜாரில் அம்மாவுக்குத் தேங்காய்த் துவையல் அரைத்து வைத்தாள். அம்மா தட்டை முகத்தருகே கொண்டுபோனவள் அப்படியே கீழே வைத்தாள். எழுந்து போய் ஜார் மூடியின் ரப்பரை விரலால் நெம்பி முகர்ந்து பார்த்தாள்.

"இதுல வெங்காயம் அரைச்சது யாரு?"

கேள்வி எங்கள் இருவருக்கும் பொதுவானது. ஆனால் பார்வை மனைவி மேல்தான் இருந்தது. நான்தான் என்று சொல்ல வேண்டியவன் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"நான்தாம்மா. ஞாபகம் இல்லாம அரைச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றாள் மனைவி.

அம்மா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு வாய் வந்திருக்குமோ என்னவோ. என் பக்கம் திரும்பி, "நாளைலேருந்து நீயே எனக்குத் தளிகை பண்ணிடுடா" என்றாள்.

அன்றிரவு மனைவியிடம், "நான் சொல்லிடறேன்" என்றேன். "சொல்லுங்க" என்றாள். வெட்கமாக இருக்கிறது, இன்னும் சொல்லவில்லை.

தினமும் விடிந்ததும் குளித்துவிட்டு நான்தான் அம்மாவுக்குச் சமைக்கிறேன். அது முடியும்வரை மனைவி அடுப்பங்கரைக்குள் வருவதில்லை. கூடத்தில் உட்கார்ந்து காய் நறுக்குகிறாள். நேற்று அம்மா ஊரிலிருக்கும் தன் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். மனைவி பக்கத்திலேயே அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்னடி குறைச்சல்? என் பிள்ளை பண்ணிப் போடறான். அவன் கை அத்தனை சுத்தம்" என்றாள் அம்மா.