ஊதித் தள்ளிய நாலு

கைகள் அலமாரியின் விளிம்பை இழைத்துக்கொண்டிருந்தன. தச்சரின் வாய் அதைவிட வேகமாக ஓடியது. அவருடைய மடக்குக்கோலில் இஞ்ச் மட்டும்தான் உண்டு. ஆனாலும் மீட்டர் கணக்கைத் தானே கரைத்துக் குடித்துவிட்டதாக நினைப்பு. கல்யாணமான நாள் முதல் அவரை "அரைகுறை" என்றே அழைத்துவந்த மாமியார், தன் வீட்டு இரண்டு சுவர்களுக்கு நடுவே இந்த அலமாரி கச்சிதமாக உட்கார்ந்தால் அந்தப் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இடைவெளி நூற்றெண்பது சென்டிமீட்டர் என்று அளந்தும் அனுப்பியிருந்தார்.

"இஞ்சுக்கு ரெண்டரை சென்டிமீட்டர். அப்போ எழுபத்திரண்டு இஞ்ச்," என்றார் தச்சர்.

"ரெண்டு புள்ளி அஞ்சு நாலுங்க," என்றாள் மனைவி. "ஒரு தடவை நேர்ல போய் அளந்துடுங்களேன்."

"அந்த நாலு வெறும் தூசிடி. ஊதினா பறந்துடும். எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அலமாரி தாராளமாக நுழையட்டும் என்று ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச், மட்டும் குறைத்துச் செய்தார். ஆனால் எழுபத்திரண்டு தூசியும் ஒன்றுசேர்ந்து அவருக்கு முன்பே மாமியார் வீட்டுக்குப் போய்க் காத்திருந்தன. நாலு பேர் தூக்கிவந்த அலமாரி, ஓர் இஞ்ச் அதிகமாகிச் சுவரில் முட்டி நின்றது.

"ஊதிப் பாருங்க," என்றாள் மனைவி.

மாமியார் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். "வேலை சுத்தம், மாப்பிள்ளை. சுவரைத்தான் கொஞ்சம் தள்ளி வச்சுக் குடுங்க. அதுவரைக்கும் இது கூடத்துலயே நிக்கட்டும். வர்றவங்க ஏன்னு கேப்பாங்க. நான் சொல்லிக்கிறேன்."

தச்சர் அலமாரிச் சாவியை அவர் கையில் கொடுத்தார்.