இரண்டாவது சாவி

இருபத்திரண்டு வருடங்களாகப் போர் விமானங்களின் வயிற்றுக்குள் தலையை விட்டுப் பிழைக்கிறவன் நான். ஹைட்ராலிக் குழாய்கள் என் பொறுப்பு. எந்த இடம், என்ன விமானம் என்றெல்லாம் எழுத அனுமதியில்லை. எழுதினாலும் யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த விமானத்தில் முக்கியமானது எல்லாமே இரண்டு, சில இடங்களில் அதற்கு மேலும். எண்ணெய் ஓடும் ஒரு குழாய் அறுந்தால் இன்னொன்று வேலை செய்யும். ஒரு கணினி செத்தால் அடுத்தது அந்த நொடியே எடுத்துக்கொள்ளும். அடிபட்டாலும் ஊர் வந்து சேர வேண்டும் என்றுதான் அப்படி வரைந்திருக்கிறார்கள்.

இது எனக்குத் தலைக்கேறிவிட்டது. வீட்டில் எந்தப் பொருளும் ஒன்றே ஒன்றாக இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

என் தம்பி ஈசூனில் எனக்கு இரண்டு புளோக் தள்ளி இருக்கிறான். சொந்தக் காரில் ஆள் ஏற்றி ஓட்டினான். இந்த ஊரில் கார் வைத்துக்கொள்வதற்கான சிஓஇ உரிமத்தை ஏலத்தில் எடுத்து ஒரு காரை வாசலில் நிறுத்துவதற்குள் மனிதனுக்கு நாக்குத் தள்ளிவிடும். அந்தக் கார்தான் அவனுக்குச் சோறு.

ஒருநாள் சாங்கி விமான நிலையத்தில் பயணியின் பெட்டியை இறக்கும் அவசரத்தில் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டான். சாவி போட்டுத் திருப்புகிற பழைய மாதிரி வண்டி. அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவர்கள் வீட்டுச் சாவி என்னிடமும் ஒன்று உண்டு. உள்ளே போய் டிராயரிலிருந்த காரின் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு டாக்சியில் ஓடினேன். திறந்து கொடுத்ததும், போகும்போது டிராயரிலேயே வைத்துவிடச் சொன்னான். சரி என்றேன்.

வைக்கவில்லை. சின்னக் காந்தப் பெட்டி ஒன்று வாங்கி, சாவியை அதில் போட்டு, அவன் காரின் பின்பக்கம் அடியில் இரும்புச் சட்டத்தில் ஒட்டினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏன் என்றால், பெருமைக்காக. அடுத்த தடவை அவன் மாட்டிக்கொண்டு போன் செய்வான். நான் சோபாவில் சாய்ந்தபடி, "குனிஞ்சு பின்னால தடவிப் பாருடா" என்பேன். அவன் வாயைப் பிளப்பான். அந்த ஒரு வரியைச் சொல்வதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

போர் விமானத்தில் இரண்டு குழாய்களையும் ஒரே பக்கமாகக் கொண்டுபோக மாட்டார்கள். ஒரே குண்டு இரண்டையும் அறுத்துவிடும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்துப் பாடம் இது. அதைப் படித்தவன்தான் காரின் சாவியைக் காரிலேயே ஒட்டிவைத்தேன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி, அவன் மனைவி, நான் மூவரும் ஜொகூர் பாருவுக்குப் போனோம். சட்டம் கேட்கிற முக்கால் டாங்க் பெட்ரோலோடு எல்லைப் பாலத்தைத் தாண்டி, காரைக் கழுவி, சாப்பிட்டு, சாமான் வாங்கித் திரும்புகிற வழக்கமான பயணம். நட்டநடுப் பகல். கடைவரிசை முன்னால் நிறுத்திவிட்டு ரொட்டி சாப்பிட்டு வந்தோம். கார் இருந்த இடத்தில் யாருடைய மோட்டார்சைக்கிளோ நின்றது. கீழே ஒரு கண்ணாடிச் சில்லுகூட இல்லை. தம்பி அந்த வரிசையில் மூன்று முறை நடந்தான். அந்தச் சாவியை எடுத்துத்தான் ஓட்டிப் போனார்களா, வேறு வித்தையா, இன்றுவரை தெரியாது. அன்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

போலீசில் மாற்றுச் சாவி எங்கே என்று கேட்டார்கள். வீட்டு டிராயரில் இருக்கிறது என்று தம்பி அடித்துச் சொன்னான். அப்படியே எழுதிக்கொண்டார்கள். பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

எங்கள் ஹேங்கரில் ஒரு வழக்கம் உண்டு. கருவிப் பலகையில் ஒவ்வொன்றின் உருவமும் வரைந்திருக்கும். எடுக்கிறவன் தன் பெயர் வில்லையை அங்கே மாட்ட வேண்டும். ஒரு ஸ்க்ரூடிரைவர் குறைந்தாலும் விமானம் பறக்காது. தொலைத்தவன் தானே வந்து சொன்னால் தண்டனை இல்லை, ஒளித்தால் வேலை போகும். நானும் ஒருமுறை தொலைத்திருக்கிறேன். ஐந்தே நிமிடத்தில் போய்ச் சொன்னேன், கூச்சமே படவில்லை. அங்கே வந்த வார்த்தை கூடப் பிறந்தவனிடம் வரவில்லை.

காப்புறுதி நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்டது. டிராயரில் ஒன்றுமில்லை. தம்பி மனைவியின்மேல் பாய்ந்தான். அண்ணன் வைத்ததை அவள்தான் தீபாவளிக்குச் சுத்தம் செய்யும்போது குப்பையோடு எறிந்துவிட்டாள் என்றான். முதலில் அவள் மறுத்தாள். பிறகு அழுதாள். கடைசியில் எறிந்துதான் இருப்பேன் என்று அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். காப்புறுதிக்காரர்களோ, தம்பியே காரை விற்றுவிட்டு நாடகமாடுகிறானோ என்று குடைந்தார்கள். மூன்று வாரம் இப்படியே போனது. தம்பி தேக்காவில் ஒரு மளிகைக் கடைக்கு மூட்டை தூக்கப் போனான். நான் கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில், அரிசி மூட்டைக்கு அடியில் அவன் முகத்தைப் பார்த்தேன்.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். தம்பி கத்தவில்லை.

"மொத நாளே சொல்லியிருந்தா ரிப்போர்ட்ல அப்படியே எழுதியிருப்பேன் லா. இப்ப மாத்துனா நான்தானண்ணே பொய் சொன்னவன்."

அவன் சொன்னது சரி. மாற்றி எழுதிக் கொடுத்தான். இழப்பீடு கிடையாது என்று கடிதம் வந்தது.

ஒன்றை நான் மேலே எழுதாமல் தாண்டிவிட்டேன். எழுத உட்கார்ந்தாலும் கை ஒளிக்கத்தான் போகிறது. அந்த மூன்று வாரத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நானும் அவர்கள் வீட்டுக்குப் போய், அங்கே இல்லை என்று தெரிந்த சாவியை அவர்களோடு சேர்ந்து தேடினேன்.

நான் உண்மையைச் சொன்ன அன்று தம்பி மனைவி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"நான் அடியில படுத்துத் தேடுனப்ப, நீங்கதானே மாமா கட்டிலத் தூக்கிப் பிடிச்சீங்க."