சோடா மூடியில் ஏறிய கல்

இரத்தினபுரியில் ஹாஜியாரின் கல் கடையில் எனக்கு இரண்டு வேலை: கல் கழுவுவது, காந்தம் பிடிப்பது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்தது. ஆனாலும் கடையில் விஞ்ஞானி நான்தான்.

முறை சுலபம். பேசின் தண்ணீரில் தெர்மாகோல் மாதிரியான ரெஜிபோம் துண்டை மிதக்கவிட்டு, மேலே கல்லை வைத்து, பவர் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோவோம். விலை குறைந்த கார்னட் என்றால் காந்தத்தை நோக்கி வரும். விலை கூடிய நம்மூர் புஷ்பராகம் என்றால் மெல்லப் பின்வாங்கும். அந்தக் குணத்தை ஹாஜியார் டயாமேக்னடிக் என்பார்.

அன்று தெஹியோவிட்டவிலிருந்து செல்வமணி அக்கா வந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர். ஓடையில் கிடைத்த தேன் நிறக் கல்லொன்றை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்தார்.

“பஸ் ஸ்டாண்ட்ல ஒரு யாவாரி கார்னட் வெலைக்குக் கேட்டாருங்க. நீங்க ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க. மகள ஏ.எல். வகுப்புல படிக்க வைக்கணும்.”

ஹாஜியார் போனில் பேசிக்கொண்டே எனக்குக் கண்ணைக் காட்டினார். ரெஜிபோமை எலி கடித்துப் பொடியாக்கியிருந்தது. மேசையில் ஒரு சோடா மூடி கிடந்தது. போட்டுப் பார்த்தேன், படகு மாதிரி மிதந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு கல்லை அதில் ஏற்றினேன். காந்தத்தைக் காட்டியதும் பாய்ந்து வந்தது.

“கார்னட்டுதாங்க்கா! இப்பிடி ஓடி வர்ற கார்னட்ட நான் பாத்ததே இல்ல!”

அக்காவின் முகம் வாடியது. “சரி, அப்ப அவருக்கே குடுத்துட்டுப் போறேன்.”

அவர் போன பிறகு பேசினைக் கழுவப் போனேன். கையில் காந்தம். வெறும் மூடி ஓடிவந்து டக்கென்று ஒட்டிக்கொண்டது.

“ஹாஜியார்! மூடி இரும்பு!”

“அட மடையா, மூடியிலயா கல்ல வெச்ச? ஓடு! அந்தப் புள்ள வித்துரும்!”

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். ஒரு செருப்பு ரோட்டோடு போனது. பஸ் ஸ்டாண்டில் அக்கா கல்லை நீட்ட, வியாபாரி வாங்கிக்கொள்ள உள்ளங்கையை விரித்திருந்தார்.

“குடுக்காதீங்க்கா! அது கார்னட்டான்னு தெரியல! நான் கழுதைன்னு மட்டும் தெரிஞ்சிருச்சு!”

திரும்பி வந்தோம். ஹாஜியார் புது ரெஜிபோம் வெட்டி, முதலில் வெறும் துண்டுக்குக் காந்தத்தைக் காட்டினார். அசையவில்லை. பிறகு கல்லை வைத்தார். காந்தம் நெருங்க, துண்டு புதுப்பெண் மாதிரி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

“போகுது! போகுது!”

“கத்தாதடா, ஒன் மூச்சுக் காத்துலயே நகரும்.”

வாயைப் பொத்திக்கொண்டேன். மறுபக்கம் காட்டினார். மறுபடியும் விலகியது. அக்கா என் தோளைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் மற்றச் செருப்பும் கழன்றது.

சந்தோஷத்தில் ஹாஜியார் போனில் ஒரு வீடியோ காட்டினார். பனிப்புகை விடும் கறுப்பு வில்லைக்கு மேலே, அந்தரத்தில் ஒரு காந்தம் மிதந்தது.

“இது சுப்பர் கண்டக்டர். கடுங்குளிர்ல வெச்சா காந்தத்தையே தூக்கிப் புடிக்கும். நம்ம கல்லு லேசாத் தள்ளுது, இது பலமாத் தள்ளுது.”

காந்தம் கார்னட் இல்லை என்று மட்டும்தான் சொன்னது. புஷ்பராகம் என்று, பிறகு கல்லைச் சோதித்த லேப்தான் சொன்னது. கல் நல்ல விலைக்குப் போனது. அக்காவின் மகள் இப்போது ஏ.எல். படிக்கிறாள்.

கல் கடைக்கு வேலைக்கு வருகிறவர்களே, கல்லைச் சந்தேகப்படும் முன் அது ஏறி நிற்கும் மிதவையைச் சந்தேகப்படுங்கள்.

அக்கா வரும்போதெல்லாம் எனக்குச் சோடா வாங்கித் தருவார். மூடியை மட்டும் அவரே எடுத்துக்கொண்டு போய்விடுவார்.