உப்பளத்துக்கு வந்த ஸ்டேஷன் கதவு

போன வாரம் பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னல் சீட், கடல் காற்று... எல்லாம் சுகம்தான். கிளம்பும்போது இரண்டு இளநீர் குடித்திருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

மரக்காணத்தில் பஸ் நின்றதும் குதித்து இறங்கிவிட்டேன். இறங்கி எங்கே போவது? ஆண்களுக்குச் சுவர் இருக்கிறது. நமக்கு?

டீக்கடையில் நின்றிருந்த ஒரு பெண் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். பெயர் அஞ்சலை. உப்பளத்தில் வேலை செய்பவர்.

"அவசரமாம்மா? வா, எங்க ரூமுக்குப் போலாம். கிட்டக்கதான்."

வரப்பில் நடந்தோம். இரண்டு பக்கமும் உப்புக் குவியல். நடுவே சின்னதாக ஒரு கழிப்பறை. அதற்கு... கனமான தேக்குக் கதவு! 'பெண்கள் தங்கும் அறை' என்று வெள்ளை எழுத்து. அதன் கீழே எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷனின் பெயர்!

வந்த அவசரத்தையே மறந்து நின்றேன் — இரண்டு விநாடி.

காலேஜ் நாட்களில் நான் தினமும் தள்ளிய கதவு அது. வெள்ளைக்காரன் காலத்து ஸ்டேஷன். மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்த கையோடு மூன்று வருஷம் முன்னால் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். கடைகள், லிஃப்ட், நகரும் படிக்கட்டு எல்லாம் வரப்போகிறதாம். கண்ணாடிப் பெட்டிக்குள் மாடல் வைத்திருக்கிறார்கள். பொம்மை மரம்கூட உண்டு. பெண்களுக்கு அறை? இப்போதைக்கு இல்லையாம்.

வெளியே வந்ததும், "இது எப்படி இங்கே?" என்றேன்.

அஞ்சலை சிரித்தார். "எங்க மொதலாளி வீடு கட்னாரு. பழைய மரக்கடையில பாத்து, பூஜை ரூமுக்குன்னு வாங்கியாந்துட்டாரு. வீட்டம்மா வுடுவாங்களா? 'ஊரே செருப்புக் காலால ஒதைச்ச கதவு, சாமிக்கா?'ன்னுட்டாங்க. கொண்டாந்து உப்புக் கொட்டாயில சாச்சுட்டாரு."

கழிப்பறை வேண்டும் என்று இவர்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விடிவதற்குள் இருட்டில் ஒதுங்கினால் உண்டு. அதற்கப்புறம்?

"தண்ணி குடிச்சாதான போவணும்? குடிக்கவே மாட்டோம்."

அந்த வெயிலில்! சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஒருநாள் பெண்கள் எல்லோருமாகக் கதவைத் தூக்கினார்கள். கீல் உப்புக் காற்றில் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. முதலாளி பைக் நிறுத்தும் இடத்துக்கு எதிரே இரண்டு கம்பு நட்டு, நைலான் கயிற்றால் கட்டி நிறுத்திவிட்டார்கள். சுவர் இல்லை, கூரை இல்லை. வெட்டவெளியில் வெறும் கதவு!

"'இன்னா இது?'ன்னாரு. 'கதவு வந்துட்ச்சு மொதலாளி, ரூமு எங்கங்க?'ன்னேன். ரோட்ல பஸ்ஸுல போறவங்கல்லாம் பாத்துச் சிரிக்கிறாங்க. மனுசன் எத்தினி நாளு தாங்குவாரு? கொத்தனார இட்டாந்துட்டாரு."

சொல்லிவிட்டு, தூக்கில் இருந்த தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்தார். "இப்பல்லாம் கொண்டாற தண்ணி பத்தல!"

ஊர் திரும்பியதும் நேராக அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் போய் நின்றேன். வேலை எப்போது முடியும் என்று கேட்டேன். காவலுக்கு இருந்தவர் கையை விரித்தார். பின்னால் பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்றது.

எனக்குத் தெரிந்து அந்த ஸ்டேஷனில் இதுவரை கட்டி முடித்தது ஒரே ஒரு அறைதான் — அது மரக்காணத்தில் இருக்கிறது.