நெஞ்சில் பேஸ்மேக்கரோடு லேசர் கூடத்துக்கு: வேப்பம்பட்டு முதல் கரையான்சாவடி வரை

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச இந்த போன் எழுத்தாக்கிக்கொள்கிறது. தப்பு இருந்தால் மகள் திருத்துவாள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்களை வெளியே கூட்டிப்போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

மகள் வசந்தி கரையான்சாவடிப் பக்கம் ஒரு லேசர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிறாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஊழியர்களின் குடும்பத்தார் வந்து பார்க்கலாம் என்றார்கள். “நீ மட்டும் வா நைனா, அம்மா வேணாம்” என்று போனில் சொன்னாள். லேசர் போய்ச் செப்புத் தகட்டில் மோதும்போது கண்ணுக்குத் தெரியாத அலை ஒன்று தெறிக்குமாம். பக்கத்தில் இருக்கும் கேமரா நின்றுவிடும், கணினி தானாக அணைந்து மறுபடி எரியும். என் மனைவி சரோஜாவின் நெஞ்சில் இதயத்தை ஓடவைக்கும் பேஸ்மேக்கரும் அப்படி ஒரு கருவிதானே.

சரோஜா கேட்டால்தானே! “பத்து வருசமா இன்னா வேலை செய்றேனு கேட்டா, சொன்னா புரியாதும்மான்றா. ஒரு தபா கண்ணால பாத்துட்டு வந்துடறேன். நீ கம்னு வா” என்று எனக்கு முன்னால் புடவை கட்டிக்கொண்டு நின்றாள்.

காலை எட்டேகாலுக்கு வேப்பம்பட்டில் மின்சார ரயில் பிடித்தோம். ஆவடிக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய், இருபது நிமிடம். அங்கிருந்து பூந்தமல்லிக்குப் பேருந்து. பத்து கிலோமீட்டர் இருக்கும். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. பருத்திப்பட்டு தாண்டியதும் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் நான் அவள் நெஞ்சைப் பார்த்தேன்.

“இன்னாய்யா, இந்த வயசுல மாரையே பாத்துகினு வர?” என்று சத்தமாகவே கேட்டாள். “வுடு ஆயா, ஆசையா பாக்குறாரு” என்றார் கண்டக்டர். எல்லாரும் சிரித்தார்கள்.

பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ ஏறினோம், ஆளுக்குப் பதினைந்து ரூபாய். வாசல் காவலாளி போன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, “ஒடம்புல மிஷின் எதுனா வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

“என் பல்லு கூட சொந்தப் பல்லுதான் கண்ணு” என்றாள் சரோஜா, என் இடுப்பைக் கிள்ளிக்கொண்டே. நானும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே நடந்தேன்.

உள்ளே ஒரு தாழ்வாரத்தில், பெரிய கண்ணாடிக்குப் பின்னால் எங்களை நிற்கவைத்தார்கள். அந்தப் பக்கம் வசந்தி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அங்கே கணினிகளைக்கூட இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். அந்த அலை படாமல் இருக்கத்தானாம். ஒலிபெருக்கி எண்ண ஆரம்பித்தது. முப்பது. இருபத்தொன்பது. ஒரு மழை நாளில், ரசத்தைக் குடித்துக்கொண்டே வசந்தி சொன்னது அப்படியே காதில் கேட்டது: “செவுத்துக்கு அந்தாண்ட இருந்த கேமராவும் செத்துப்போச்சு நைனா.”

பதினான்கில் நான் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தேன். “வசந்தி! அம்மா கீறாடி இங்க!”

அவள் திரும்பினாள். அம்மாவைப் பார்த்தாள். கை நிறுத்தும் சிவப்புப் பொத்தான்மேல் விழுந்தது. உள்ளே ஏதோ டமாலென்று சத்தம், எண்ணுவது நின்றது. மேலதிகாரி இங்கிலீஷில் அவளைத் திட்டினார். அவள் வெளியே ஓடி வந்து அம்மாவின் தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கையை வைத்தாள்.

“இன்னாடி, ஓடுதா?” என்று கேட்டாள் சரோஜா.

“ஓடுதும்மா” என்றாள் வசந்தி.

மறுபடி தயார் செய்ய ஒரு மணி நேரம் பிடித்தது. நாங்கள் இருவரும் மெயின் ரோட்டு டீக்கடைக்கு வந்துவிட்டோம். அதற்கப்புறம் லேசர் பாய்ந்தபோது, நாங்கள் நின்றிருந்த தாழ்வாரத்தில் மாட்டியிருந்த டிவி அணைந்துபோனதாம். அந்த அலை அவள் நெஞ்சை என்ன செய்திருக்கும் என்று வசந்திக்கும் தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பேஸ்மேக்கர் இருந்தால் முதல் நாளே மருத்துவரிடம் கேளுங்கள். காவலாளி கேட்கும் வரை காத்திருக்காதீர்கள், நீங்களே சொல்லுங்கள். வீட்டுக்காரி கிள்ளினாலும் சொல்லுங்கள்.

திரும்பும்போது ஆவடி வரை சரோஜா ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று கோபம். ஆனால் மறுநாள் தண்ணீர் லாரி வரிசையில் நின்றபோது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்: “யக்கா, அம்மாம் பெரிய மிஷின, என் பொண்ணு ஒத்தக் கையால நிறுத்திட்டா. அதான் அவ வேலை.”