பா ஷின் சுமக்க மறுத்த சொல்

பா ஷினின் கோபத்தைப் பதினோரு வருடமாகப் பார்த்து வருகிறேன். தக்கேத்தாவில் எங்கள் தெருமுனையில், சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஸ்டாண்டில் அவன் ஆறாவது ஆள். முறை தப்பி யாராவது சவாரி ஏற்றினால், அந்த ஆளின் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவான். பெண்டாட்டி மா லோனிடமும் அதே குரலில்தான் கத்துவான். நல்லவன் என்று அவனுக்கு நான் சான்று தர மாட்டேன். ஆனால் ஒரே ஒரு நாள் அவன் கோபம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

எங்கள் தெருவில் டோ சான் மியா, டோ கின் ஓன் என்று அக்கா தங்கை. அப்பா எழுதி வைக்காமல் விட்டுப்போன காலி மனைக்காக மூன்று வருடமாக வழக்கு. ஒரே வீட்டில் நடுவே தட்டி அடித்து வாழ்கிறார்கள், பேச்சு கிடையாது. அந்த மனையின் மூலையில்தான் பா ஷின் குடிசை. "காவலுக்கு இரு" என்று அவர்களுடைய அப்பா சொன்ன வாய்வார்த்தை தவிர அவனிடம் ஒரு தாளும் இல்லை. அக்காவுக்கு அங்கே மகனுக்கு வீடு கட்ட வேண்டும், தங்கைக்கு விற்க வேண்டும். யார் ஜெயித்தாலும் அவன் தெருவில். வழக்கு இழுக்கும்வரைதான் கூரை.

வாய்தா நாளில் இருவரும் அவன் வண்டியில்தான் போவார்கள். தனித்தனியாகப் போகலாம். முன்னால் போகிறவள் குமாஸ்தா காதில் என்ன ஓதுவாளோ என்ற பயம் விடாது. சைக்காவில் சைக்கிளுக்குப் பக்கத்தில் இரண்டு இருக்கை. ஒன்று முன்னே பார்க்கும், மற்றது பின்னே பார்க்கும். அக்கா முன்னே, தங்கை பின்னே, முதுகோடு முதுகு. நடுவில் தபால்காரன் பா ஷின்.

"பா ஷின், அவகிட்ட சொல்லு, குடைய என் தலையில இடிக்காம பிடிக்கச் சொல்லு."

"சின்னக்கா, குடை இடிக்குதாம்."

"இடிக்கிறது குடை இல்ல, அவ கொண்டை. சவுரிய கொஞ்சம் குறைச்சு வைக்கச் சொல்லு."

"பெரியக்கா, சவுரிய..."

"கேட்டுது, கேட்டுது. நீ மிதி!"

டீக்கடையில் என்னிடம் இதைச் சொல்லிச் சிரிப்பான். சிரிப்பு முடிந்ததும் டம்ளரை அடித்து வைப்பான். "மூணு வருஷமா என் காதுகிட்டயே அந்த மனையப் பத்திப் பேசறாங்க வாத்தியாரே. அதுல ரெண்டு உசுரு இருக்குன்னு ஒருத்தி வாயிலயும் வரல."

கொடுமைக்காரர்கள் இல்லை அவர்கள். கோயிலுக்குத் தவறாமல் போகிறவர்கள், எறும்பை மிதிக்காதவர்கள். எனக்கு அதுதான் ஆத்திரம். கொடுமைக்காரனுக்காவது எதிரே ஒரு ஆள் இருப்பது தெரியும்.

போன ஆனி மாதம், நீதிபதி லீவு என்று வாய்தா தள்ளிப்போய்த் திரும்பும்போது நல்ல மழை. பள்ளத்தில் வண்டி குலுங்கியதில் அக்காவின் செருப்பு நழுவி விழுந்தது. முன்னே பார்த்திருந்த அக்காவுக்குத் தெரியவில்லை. பின்னே பார்த்திருந்த தங்கை கண்ணில்தான் பட்டது.

"அக்கா, உன் செருப்பு!"

மூன்று வருடத்தில் முதல் நேர்ச் சொல். பா ஷினே நனைந்துகொண்டு ஓடிப்போய்ச் செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்தான். சந்தோஷமாகக்கூட இருந்ததாம். பெரியவள் அழுதாள், சின்னவள் அழுதாள், இருவரும் சிரித்தார்கள். பாலம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது: வழக்கு வாபஸ், மனையை விற்று ஆளுக்குப் பாதி, மடத்துக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல்.

"குடிசை?" என்றாள் சின்னவள்.

"ரெண்டு மாசம் டைம் குடுப்போம். பா ஷின், மா லோன் மனசு கஷ்டப்படாம நீயே பக்குவமா சொல்லிடு."

அவன் அவர்கள் வீட்டையும் தாண்டி மிதித்தான்.

மா லோன் குடிசை வாசலில் சுரைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். வாங்க நான் நின்றிருந்தேன். வண்டியை அடுப்பருகே நிறுத்திவிட்டுக் கத்தினான்:

"இத்தனை நாள் உங்க பேச்சையெல்லாம் நான்தான் சுமந்தேன். இதைச் சுமக்க மாட்டேன். ரெண்டு மாசத்துல வீட்டைக் காலி பண்ணுன்னு அவ முகத்தைப் பாத்து நீங்களே சொல்லுங்க!"

மா லோன் கையில் கரண்டியோடு நிமிர்ந்தாள். எண்ணெய் தீய்ந்தது. இருக்கைகளில் ஒருவரும் அசையவில்லை.

"நீதான் மூத்தவ. சொல்லு."

"விக்கணும்னு மூணு வருஷமா குதிச்சது யாரு? நானா?"

"ஓ, பாவம் எனக்கு, பணம் ரெண்டு பேருக்குமா?"

"பா ஷின், இவகிட்ட சொல்லு..." என்று ஆரம்பித்தாள் அக்கா.

"சொல்ல முடியாது!"

இருவரும் இறங்கி, ஆளுக்கொரு பக்கமாக மழையில் நடந்தார்கள். மனையை விற்கவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா நாளில் அவன் வண்டியில்தான் போகிறார்கள். "அவகிட்ட சொல்லு" என்றால் அவன் செவிடன் மாதிரி மிதிக்கிறான்.

அவன் ஜெயித்தான் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்கு வாய் எழாததால் நிற்கிற வீடு அது. போன வாரம் கூரையில் ஏறிப் புது ஓலை வேய்ந்துகொண்டிருந்தான்.

"தீர்ப்பு வராத மனையில புது ஓலை எதுக்குப்பா?"

"ஒழுகுது வாத்தியாரே!" என்று மேலிருந்து எரிந்து விழுந்தான். "தீர்ப்பு வர்ற வரைக்கும் நனையச் சொல்றீங்களா?"