மாறவில்லை என்று சொன்ன பட்டியல்

போன செவ்வாய்க்கிழமை காலை, பாலக்காட்டை அடுத்த புதுசேரியில் ஒரு கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. விசாலம் அக்காவின் மகள் பேசினாள். "பேச்சி சித்தி, அம்மா போயிட்டா. காப்பி குடிச்சுட்டுப் பேப்பர் வாசிச்சிண்டிருந்தா. கூப்பிட்டேன், திரும்பலை." பையைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துக் கல்பாத்திக்குப் போனேன். கண்ணாடியைக்கூட யாரும் கழற்றியிருக்கவில்லை. பாதி படித்த செய்தியை யோசித்துக்கொண்டிருப்பவர்போலத்தான் இருந்தார்.

எண்பது வயதைக் கடந்தவர். நோயில் கிடக்கவில்லை, யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. அதனால் இதை நான் அழுதுகொண்டு எழுதவில்லை. அவரை அறிந்தவர்கள் இன்னொரு முறை நினைத்துக்கொள்ளவும், அறியாதவர்கள் தெரிந்துகொள்ளவும் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில், கஞ்சிக்கோட்டில் மின்கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. இரண்டு பீரோ அளவு. இட்லிக் கொப்பரை போன்ற வட்டத்தட்டு அடுக்கில்தான் அதன் நினைவெல்லாம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அறைக்குள் போகவேண்டும். அதற்குப் பொறுப்பாளர் விசாலம் அக்கா. கணிதம் படித்து, சென்னையில் மூன்று மாதம் பயிற்சி பெற்று வந்தவர். நான் மூணாறு பக்கத்து எஸ்டேட் பெண். அப்பா தேயிலை ஃபாக்டரியில் இலை உலர்த்தும் பிரிவில் இருந்தார். தற்காலிகப் பணியில், விவரங்களைத் தட்டச்சு செய்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவது என் வேலை.

முதல் நாள் மதியம் நான் தனியாக மூலையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். கல்பாத்தி அக்ரஹாரத்தில் பிறந்தவர் என் பக்கத்தில் உட்காரமாட்டார் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். அவர் தம் டப்பாவோடு வந்து எதிரே உட்கார்ந்து, கேட்காமலே தேங்காய் அரைத்துவிட்ட மொளகூட்டலை என் சோற்றில் ஊற்றினார். என் கருவாட்டை மட்டும் மூடி வைக்கச் சொன்னார். "வாசனை சகிக்கலை பேச்சி. வேறொண்ணும் இல்லை" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

ஒவ்வொரு கருவிக்கும் என்னென்ன பாகம், எந்த அளவு என்ற பட்டியல்கள் கம்ப்யூட்டரில் ஃபைல்களாக இருந்தன. பல பிரிவினர் வந்து திருத்துவார்கள். ஏதாவது தவறினால் எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இதற்காக அக்கா ஒரு ப்ரோக்ராம் எழுதினார். ஒரு ஃபைல் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்ற தேதியைக் கம்ப்யூட்டரே குறித்து வைக்கும். அவருடைய ப்ரோக்ராம் தினமும் மாலையில் எல்லா ஃபைல்களையும் பார்த்து, நேற்று மாலைக்குப் பிறகான தேதி உள்ளவற்றை மட்டும் அச்சடித்துத் தரும். 'நடமாட்டம்' என்று பெயர் வைத்தார். ஆறு ஆங்கில எழுத்துக்கு மேல் கம்ப்யூட்டர் பெயரை ஏற்காது என்பதால் அது 'நடமா' என்று நின்றது. அந்தத் தாள் சொன்னால் மறுபேச்சில்லை என்ற நிலை சீக்கிரமே வந்துவிட்டது.

ஆங்கிலப் புத்தாண்டு பிறந்து இரண்டு வாரம் இருக்கும். துளை போடும் பிரிவின் ஃபோர்மேன் கந்தசாமி அண்ணன், கொழிஞ்சாம்பாறைக்காரர், இரும்புத் தகடு ஒன்றோடு வந்தார்.

"ஏனுங்கம்மா, உங்க தாள்ல எட்டுன்னு இருந்துது, எட்டே போட்டோமுங்க. இப்ப திருகாணி நிக்கமாட்டீங்குது" என்றார்.

ஆறு மில்லிமீட்டராக இருக்கவேண்டிய துளை. ஒரு வாரத்துத் தகடு முழுவதும் வீண். அந்தப் பட்டியலைக் கார்த்திகை மாதம் ஏற்றியது நான். அதற்குப் பிறகு அது திருத்தப்பட்டதாக நடமாட்டத் தாள் எதிலும் இல்லை. அப்படியானால் முதலிலேயே நான்தான் எட்டு என்று அடித்திருக்கவேண்டும். மேலாளர் அப்படித்தான் முடிவு செய்தார். வெள்ளிக்கிழமையோடு என்னை நிறுத்தும் கடிதம் தயாரானது. பழைய பிரதி இருக்கும் காந்த நாடாவை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமே என்று கேட்டேன். தாளே சொல்லிவிட்டதே, எதற்கு மெஷின் நேரத்தை வீணாக்குவது என்றார்.

விசாலம் அக்காவிடம் போனேன். "நான் ஆறுன்னுதான் அடிச்சேங்க்கா. எங்க அம்மா மேல சத்தியம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "லிஸ்ட்ல இல்லியே பேச்சி. நான் என்னன்னு சொல்லுவேன்?"

அந்த இரண்டு நாளும் நாங்கள் சேர்ந்து சாப்பிடவில்லை. எஸ்டேட்டிலிருந்து படித்து வெளியே போன முதல் பெண் நான். திரும்பிப் போய் எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் நிற்பதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது கூப்பிட்டார். அறைத் தரையில் ஃபைல்களின் முழு அட்டவணையையும் அச்சடித்துப் பரப்பி, அதன்மேல் முழங்காலிட்டு இருந்தார். விரலால் ஒரு வரியைக் காட்டினார். அந்தத் துளைப் பட்டியல் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி, முந்தைய ஆண்டு ஜனவரி.

"மெஷின் எப்போ வந்தது?" என்று கேட்டார்.

போன வருஷம் சித்திரை விஷு கழிந்துதான் பெட்டியையே பிரித்தோம். மெஷின் வருவதற்கு மூன்று மாதம் முன்பே அந்த ஃபைல் திருத்தப்பட்டிருந்தது!

மின்சாரம் போய் வந்தாலோ அணைத்துப் போட்டாலோ அந்தக் கம்ப்யூட்டருக்கு நாள் தெரியாது. தேதியையும் நேரத்தையும் நாம்தான் அடித்துக் கொடுக்கவேண்டும். அடித்ததெல்லாம் ஒரு தாள் சுருளில் பதிவாகும். அந்தச் சுருளை இருவரும் பின்னோக்கிப் பிரித்தோம். புத்தாண்டின் முதல் வாரத்தில் ஒரு காலை மின்சாரம் போயிருந்தது. திரும்ப வந்ததும் யாரோ நாளையும் மாதத்தையும் சரியாக அடித்து, வருஷத்தைப் பழைய பழக்கத்தில் அடித்திருந்தார்கள். மறுநாள் காலை மெஷினைப் போட்ட வேறொருவர் தேதியைச் சரியாக அடித்துவிட்டார். ஆனால் அந்த ஒரு நாள் திருத்திய ஃபைல்களெல்லாம் ஒரு வருஷம் பழையவையாகிவிட்டன. நடமாட்டத்தின் கண்ணில் அவை படவே இல்லை.

தாளின் ஓரத்தில் கையெழுத்து இருந்தது. விசாலம் அக்காவின் கையெழுத்து.

அதன்மேல் விரலை வைத்தார். "நான் அடிச்சதாக்கும் இது" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. கூடவே அவருக்காகப் பயமும் வந்தது. "நாடாவுல பழைய ஃபைல் இருக்கும்லாக்கா. அதைக் காட்டுனாப் போதும். தேதிக் கதை எதுக்கு?" என்றேன்.

"போறாது. அன்னிக்கு மாறினது இது ஒண்ணு மட்டும் இல்லை, இன்னும் மூணு இருக்கு. அதுல எந்தத் தப்பு உக்காந்திண்டிருக்கோ. என் பேரைக் காப்பாத்திக்கறதுக்கு அதையும் மறைக்கணுமா?" என்று எழுந்தார்.

நாடாவை ஓட்டினோம். பழைய பிரதியில் ஆறு என்றுதான் இருந்தது. வரைபடப் பிரிவு அனுப்பிய துண்டுச்சீட்டில் பாக எண் தவறியிருக்க, வேறு பாகத்துக்கான எட்டு இங்கே வந்து ஏறியிருக்கிறது. அக்கா இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனார். நானும் பின்னால் நின்றேன். தம் ப்ரோக்ராம் பொய் சொல்லிவிட்டது என்றும், சொல்ல வைத்தது தாம்தான் என்றும் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். இது அவருடைய பணிப்பதிவில் ஏறும், தெரியுமா என்று மேலாளர் கேட்டார். தெரியும் என்றார். என் கடிதத்தை மேலாளர் கிழித்துப் போட்டார். அக்காவுக்கு வந்திருக்கவேண்டிய பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. அதைப் பற்றி அவர் ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை.

கந்தசாமி அண்ணன் கேலியாக, தப்புப் பண்ணினது மெஷினா ஆளா என்று கேட்டபோது, "ஆள்தான். மெஷின் பாவம், நான் சொன்னதை நம்பித்து" என்றார்.

பிறகு ப்ரோக்ராமை மாற்றி எழுதினார். தேதியை நம்பாமல், ஒவ்வொரு ஃபைலிலும் உள்ள எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்துக் கூட்டி, நேற்றைய கூட்டுத்தொகையோடு ஒப்பிடுவது. பத்து நிமிட வேலை ஒரு மணி நேரமாயிற்று. மேலாளர் முணுமுணுத்தார். சாப்பாட்டு வேளையில் மெஷின் சும்மாதானே இருக்கிறது என்று சொல்லி அனுமதி வாங்கினார். ஒருநாள் சாப்பிடும்போது எனக்கு ஒன்று தோன்றியது. ஆறும் எட்டும் இடம் மாறி உட்கார்ந்தால் கூட்டுத்தொகை மாறாதே? கேட்டேன். கையில் எடுத்த உருண்டையை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். "அது எனக்குத் தோணலை பார்த்தியா!" என்று அவ்வளவு சந்தோஷப்பட்டார். ஒவ்வொரு எழுத்தையும் அது இருக்கும் இடத்தின் எண்ணால் பெருக்கிக் கூட்டலாம் என்று அன்றே இருவரும் முடிவு செய்தோம். மாலையில், "மாறினதா வர்ற தாளை எல்லாரும் பார்ப்பா. மாறலைன்னு சொன்னதை யாரும் பாக்கறதில்லை. நானும் பாக்கலை. உன்கிட்ட அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கப்படாது" என்றார். அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த ஆண்டு ஓணம் விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த பாலில்லாத கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு, ஃபாக்டரியைப் பார்க்கவேண்டும் என்றார். அப்பா மாடிக்கு அழைத்துப் போனார். காலையில் பறித்த இலையை வாடுவதற்காகப் பரப்பியிருந்தார்கள். தொடலாமா என்று அப்பாவிடம் அனுமதி கேட்டு, வளையலை மேலே தள்ளிக்கொண்டு, இரு கைகளையும் முழங்கைவரை அந்தப் பச்சைக்குள் விட்டார். கண்ணாடி ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து விழுந்தது. எதற்கு என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் சிரிக்கிறாரே என்று அப்பாவும் சிரித்தார். ஜீப்பில் மலை இறங்கும்போது, வாசனை போய்விடும் என்று அடிமாலிவரை கை கழுவவே இல்லை.

அந்தக் கைகளோடுதான் உங்களை என் மனத்தில் வைத்திருக்கிறேன், அக்கா. நல்லபடியாகப் போய் வாருங்கள்.